ஆனியின் சாட்சியும் ஹோம்லேண்டரின் சபையும்

'தி பாய்ஸ்' தொடரைச் சமயத்துக்கு எதிரான தொடர் என்று சொல்லி ஒதுக்கிவிடுபவர்களை எங்கள் சபையிலும் உறவினர்களிடையேயும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அதில் வரும் வன்முறையையும் ஆபாசத்தையும் முன்னிட்டு ஒருவர் அதைத் தவிர்த்தால் எனக்கு மறுப்பில்லை. அது பெரியவர்களுக்காக மட்டுமே எடுக்கப்பட்ட தொடர். சில காட்சிகளை என்னாலும் பார்க்க முடியவில்லை. ஆனால், அது இறைநம்பிக்கையை இழிவுபடுத்துகிறது என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியாது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இன்றும் ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனைக்குச் செல்பவள் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். கடவுளுக்குரிய இருக்கையில் ஒரு மனிதனையும் அவனுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நிறுவனத்தையும் உட்காரவைக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை அந்தத் தொடர் தன் சிறந்த தருணங்களில் அம்பலப்படுத்துகிறது. அந்த வேலையை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் விசுவாசிகள்தாம். தொடர் தடுமாறும் இடங்களும் உண்டு. விசுவாசி என்ற மனிதரை அது மறந்துவிடும் இடங்கள் அவை.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். கார்த் எனிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சன் வரைய, 2006 முதல் 2012 வரை வெளிவந்த படக்கதையைத் தழுவி எரிக் கிரிப்கி இதை உருவாக்கினார். அமேசான் பிரைம் வீடியோவில் 2019 ஜூலையில் வெளிவரத் தொடங்கியது. இந்தக் கதையுலகில் சூப்பர் ஹீரோக்கள் தனித்து வாழும் காவலர்கள் அல்லர். வாட் இன்டர்நேஷனல் என்ற பெருநிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களுடைய மீட்புப் பணிகள், திரைப்படங்கள், பொம்மைகள், அரசியல் கருத்துகள் என எல்லாவற்றையும் அந்த நிறுவனத்தின் விளம்பரப் பிரிவே தீர்மானிக்கிறது. அவர்களில் உச்சியில் இருக்கும் எழுவர் குழுவுக்குத் தலைவன் ஹோம்லேண்டர். அமெரிக்கக் கொடியையே மேலங்கியாகத் தோளில் அணிந்து, வானில் மிதந்தபடி மக்களைப் பார்த்துப் புன்னகைக்கும் இவன், உள்ளுக்குள் எந்த இரக்கமும் இல்லாத கொலைகாரன். இவனாக நடிக்கும் ஆண்டனி ஸ்டார் நியூசிலாந்துக்காரர். அந்த அமெரிக்கப் புன்னகையை வெளியிலிருந்து கவனித்துப் படித்த ஒருவரால்தான் இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சூப்பர் ஹீரோ என்ற கற்பனையே எளியவர்களிடமிருந்து பிறந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளியல் மந்தத்தின் நடுவே, பலமில்லாதவனுக்காகப் பலசாலி ஒருவன் வந்து நிற்க மாட்டானா என்ற ஏக்கத்தில் உருவான கனவு அது. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, ஹிட்லரின் முகத்தில் குத்துவிடும் அட்டைப்படத்தோடு கேப்டன் அமெரிக்கா வந்தார். ஏழை வீட்டுப் பையன்கள் கண்ட அந்தக் கனவைப் பணமும் அதிகாரமும் விலைக்கு வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் 'தி பாய்ஸ்' தொடங்குகிறது.

சமயத்தைப் பற்றித் தொடர் சொல்வதன் சாரம் முழுவதும் முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதில் 'பிலீவ் எக்ஸ்போ' என்ற பெயரில் ஒரு பெரிய கிறிஸ்தவக் கூட்டம் நடக்கிறது. சூப்பர் ஹீரோக்களைக் கடவுள் தேர்ந்தெடுத்த பாத்திரங்களாகக் காட்டி, இளையர்களையும் பெற்றோர்களையும் திரட்டும் கூட்டம் அது. எசேக்கியேல் என்ற போதகர் அங்கே தன்பாலீர்ப்பைப் பாவம் என்று கண்டித்து மேடையில் முழங்குகிறார். தனிவாழ்வில் அதையே மறைத்து வாழ்கிறார். அவருடைய அறப்பணி அமைப்போ, வாட் நிறுவனத்தின் இரகசிய மருந்தை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லும் மறைவான வழியாக இருக்கிறது. இந்தப் போலிப் போதகர் பாத்திரம் எனக்குப் பெரிய வியப்பைத் தரவில்லை. மாட்டிக்கொள்ளும் போதகர் எல்லா நாட்டுக் கதைகளிலும் வருபவர்தான். என்னை உலுக்கியவை, அதே மேடையில் ஹோம்லேண்டரும், எழுவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆனியும் ஆற்றும் இரண்டு உரைகள்.

முதல் உரையைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய அத்தியாயத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடத்தப்பட்ட விமானம் ஒன்றைக் காப்பாற்ற ஹோம்லேண்டரும் எழுவர் குழுவைச் சேர்ந்த குயின் மேவும் அனுப்பப்படுகிறார்கள். கடத்தல்காரனைத் தன் கண்களின் லேசர் கதிரால் கொல்லும்போது ஹோம்லேண்டர் விமானியறைக் கருவிகளையும் சேர்த்து எரித்துவிடுகிறான். இனி விமானத்தைக் காப்பாற்ற முடியாது. ஒரு சிலரைத் தூக்கிவந்தால் அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எனவே, கெஞ்சும் பயணிகளை அப்படியே விட்டுவிட்டு மேவை இழுத்துக்கொண்டு அவன் வெளியேறுகிறான். பிறகு சிதைவுகள் ஒதுங்கிய கடற்கரையில் நின்று, சூப்பர் ஹீரோக்கள் இராணுவத்தில் இடம்பெற்றிருந்தால் இது நடந்திருக்காது என்று உருகி உருகிப் பேசுகிறான். அடுத்து, 'பிலீவ் எக்ஸ்போ' மேடையில் அதே சாவுகளை முன்வைத்து, அரசாங்கத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எங்களுக்கான ஆணை மேலிருந்து வருகிறது என்ற பொருளில் அவன் முழங்கும்போது, கூட்டம் கைதட்டி ஆர்ப்பரிக்கிறது. தான் செய்த கொலையையே கடவுளின் அழைப்பாக மாற்றும் அந்தச் சில நிமிடங்களில், சமய மொழி எப்படிப் போர் மொழியாகிறது என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் தொடர் காட்டிவிடுகிறது.

இரண்டாவது உரை ஆனி ஜனவரியுடையது. அயோவா மாநிலத்தில் பக்தியுள்ள தாயிடம் வளர்ந்த பெண் அவள். ஸ்டார்லைட் என்ற பெயரில் எழுவர் குழுவில் சேர்க்கப்பட்ட முதல் நாளிலேயே குழுவின் உறுப்பினன் ஒருவனால் பாலியல் அத்துமீறலுக்கு ஆளாகிறாள். அவளுக்காக எழுதித் தரப்பட்ட உரையில் தூய்மை, கற்பு, ஒழுக்கம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பாதியில் அவள் அதை விட்டுவிடுகிறாள். தான் இங்கே நிற்பது போலித்தனம் என்கிறாள். கடவுளின் மனதைத் தாங்கள் அறிந்துவிட்டதாக இந்த மேடையில் இருப்பவர்கள் எப்படி இவ்வளவு உறுதியோடு பேசுகிறார்கள் என்று கேட்கிறாள். அதிகாரத்தில் இருந்த ஒருவன் தனக்கு இழைத்த கொடுமையைப் பெயர் சொல்லாமல் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறாள். எங்கள் சபைகளில் இதைச் சாட்சி சொல்வது என்போம். கூட்டத்தில் நின்று தன் வாழ்வில் நடந்ததை மறைக்காமல் சொல்வது. அந்த அரங்கில் நடந்தவற்றிலேயே சாட்சி என்ற பெயருக்குத் தகுதியானது அவளுடைய பேச்சு ஒன்றுதான். நிறுவனமோ அதைத்தான் தண்டனைக்குரியதாகக் கருதுகிறது. சமயத்தை வெறுக்கும் ஓர் எழுத்தாளரால் இந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது.

இந்த மேடை கற்பனையாகத் தோன்றினாலும் அதன் செங்கற்கள் அமெரிக்க வரலாற்றில் உள்ளவை. ஹூஸ்டன் நகரத்தின் லேக்வுட் தேவாலயம் இன்று கூடும் அரங்கம், முன்பு ராக்கெட்ஸ் கூடைப்பந்தாட்டக் குழுவின் அரங்கம். ஏறத்தாழ 16,000 பேர் அமரலாம். சமயத்தையும் அரசையும் பிரித்துவைக்க 1791-இலேயே அரசமைப்புச் சட்டத்தில் முதல் திருத்தம் செய்த அந்த நாடுதான், கம்யூனிசத்தோடு பனிப்போர் நடத்திய காலத்தில், 1954-இல் கொடிக்கான உறுதிமொழிக்குள் கடவுளின் பெயரைச் சேர்த்தது. 1956-இல் கடவுள்மீதான நம்பிக்கையை நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமாக்கியது. கொடி, அரசமைப்பு, அதிபர், போர்வீரர் கல்லறை ஆகியவற்றைச் சுற்றி அமெரிக்காவில் தனியாக ஒரு குடிமைச் சமயம் உருவாகியிருக்கிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா 1967-இல் எழுதினார். நாடு தன்னையே அளந்துபார்த்துத் திருத்திக்கொள்ளவும் அந்தக் குடிமைச் சமயம் ஓர் அளவுகோலாகும் என்று அவர் கருதினார். 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய 'மாரல் மெஜாரிட்டி' இயக்கமும், அடுத்த ஆண்டு ரொனால்ட் ரீகன் பெற்ற வெற்றியும், சுவிசேஷ சபைகளின் வாக்குகளை ஒரு கட்சியோடு இறுகப் பிணைத்தன. ஹோம்லேண்டரின் தோளில் கொடியும் வாயில் கடவுளும் ஒன்றாக இருப்பது இந்த எழுபது ஆண்டு வரலாற்றின் சுருக்கம்.

தொடரின் மிக ஆழமான கற்பனை காம்பவுண்ட் வி என்ற மருந்து. சூப்பர் ஹீரோக்களின் ஆற்றல் கடவுள் கொடுத்த வரம் என்றே மக்கள் நம்புகிறார்கள். அந்தக் குழந்தைகளும் அப்படி நம்பித்தான் வளர்கிறார்கள். உண்மையில், வாட் நிறுவனம் பெற்றோரின் ஒப்புதலோடு அவர்களைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஊசிபோட்டு உருவாக்கியிருக்கிறது. ஆனி தன் தாயிடம் இதைக் கேட்டு, தாய் அதை ஒப்புக்கொள்ளும் காட்சியை ஒரு விசுவாசியாகப் பார்ப்பது எளிதல்ல. 'நீ கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவள்' என்ற வாக்கியத்தின் மேல் ஒரு பெண் தன் வாழ்க்கை முழுவதையும் கட்டியிருக்கிறாள். அதற்கு அடியில் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் கிடக்கிறது. கிறிஸ்தவத்தில் கிருபை என்பது விலையில்லாமல் வருவது. அதை உற்பத்தி செய்து, பொட்டலமிட்டு, பங்குச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனத்தைக் கற்பனை செய்தவர்கள், கிருபை என்றால் என்ன என்பதை நன்றாக அறிந்தவர்கள்தாம். வாட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டான் எட்கர், தங்கள் நிறுவனம் சூப்பர் ஹீரோ நிறுவனம் அன்று, மருந்து நிறுவனம் என்று ஹோம்லேண்டரிடமே ஓரிடத்தில் அமைதியாகச் சொல்கிறார். தன்னைக் கடவுளாக நினைத்துக்கொண்டிருப்பவனிடம், நீ எங்கள் சரக்கு என்று சொல்லும் அந்தக் கணத்தில் ஹோம்லேண்டரின் முகத்தில் தெரியும் கலக்கத்தைப் பாருங்கள்.

பொய்ப் பக்தியைக் கண்டிப்பது பக்தியின் எதிரிகள் மட்டும் செய்யும் வேலை அன்று. பண்டிகைகளையும் பலிகளையும் கடவுள் வெறுக்கிறார், நியாயமே ஓடட்டும் என்று முழங்கிய ஆமோஸ் தீர்க்கதரிசியும், ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்த இயேசுவும் எங்கள் வேதாகமத்தின் நடுவில் நிற்பவர்கள். தமிழில் சிவவாக்கியர் முதலான சித்தர்கள் சடங்கையும் சாதியையும் சாடிய கடுமைக்கு முன்னால் அமெரிக்கத் தொடரின் எந்த வசனமும் நிற்காது. அவர்களை நாம் சமய விரோதிகள் என்று ஒதுக்கவில்லை. சீற்றம் உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆனியின் வழியாகப் பேசும்வரை 'தி பாய்ஸ்' தொடரின் சீற்றம் உள்ளிருந்து வருகிறது.

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வசைபாடுவது செம்பொருள் அங்கதம். சொல்ல வந்ததை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி அணிந்து மாலை சூடிப் பளபளக்கும் ஆயுதங்களைப் பாராட்டிவிட்டு, அதியமானின் ஆயுதங்களோ போரில் நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்ன புறநானூற்றுப் பாடல் இரண்டாம் வகைக்கு நாம் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. புகழ்வதுபோலவே அது எதிரியின் பெருமையை இறக்கிவிடுகிறது. 'தி பாய்ஸ்' தொடரின் முதல் மூன்று பருவங்களில் வரும் விளம்பரங்கள், செய்தி அறிக்கைகள், படத்துக்குள் வரும் படங்கள் ஆகியவை பெரும்பாலும் இந்தப் பழிகரப்பு வகையைச் சேர்ந்தவை. வாட் நிறுவனத்தின் விளம்பரம் உண்மையான விளம்பரத்தைப் போலவே மின்னும். கொடியும் பியானோ இசையும் குழந்தையின் சிரிப்பும் முறையாக வரும். அதைப் பார்க்கும்போது முதலில் கண் கலங்குகிறது. பிறகுதான் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது நினைவுக்கு வருகிறது. நான்காம் பருவத்துக்கு வரும்போது தொடர் பெரும்பாலும் செம்பொருள் அங்கதத்துக்கு, அதாவது நேரடி வசைக்கு, மாறிவிடுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரசியலைப் பொறுத்தவரை தொடரின் உச்சம் மூன்றாம் பருவத்தின் முடிவு. 2022-இல் வெளிவந்த அந்தப் பருவத்தில், தன் பிறந்தநாள் நிகழ்ச்சியின் நேரலையில் எழுதித் தந்ததை மீறி ஹோம்லேண்டர் தன் ஆத்திரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறான். நிறுவனம் நடுங்குகிறது. ஆனால், கருத்துக்கணிப்பில் அவனுடைய ஆதரவு கூடுகிறது. மன்னிப்பு கேட்காமலிருப்பதே அவனுடைய பலம் என்று அவன் அன்று கற்றுக்கொள்கிறான். பருவத்தின் கடைசிக் காட்சியில், தன் மகன்மீது எதையோ எறிந்த எதிர்ப்பாளர் ஒருவரைக் கூட்டத்தின் நடுவிலேயே கொன்றுவிடுகிறான். ஒரு கணம் அமைதி. அடுத்து ஒருவன் ஆரவாரம் செய்கிறான். அதைத் தொடர்ந்து கூட்டமே ஆர்ப்பரிக்கிறது. நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ தெருவின் நடுவில் நின்று யாரையாவது சுட்டாலும் எனக்கு வாக்குகள் குறையாது என்று டோனல்ட் டிரம்ப் 2016 ஜனவரியில் பேசியதை இந்தக் காட்சி நினைவூட்டுகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு நடந்த இடத்தைக் குறிப்பிட்டவர்கள் குறைவு: அயோவா மாநிலத்தின் சூ சென்டரில் உள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. ஆனி பிறந்து வளர்ந்த அதே மாநிலம்.

முதலில் ஆரவாரம் செய்யும் அந்த மனிதனின் பெயர் டாட். அவன் வில்லன் அல்லன். சூப்பர் ஹீரோக்களை எதிர்க்கும் 'தி பாய்ஸ்' குழுவில் ஒருவரான 'மதர்ஸ் மில்க்' என்பவரின் முன்னாள் மனைவியோடு வாழ்ந்துகொண்டு, அவருடைய மகளை அன்போடு வளர்க்கும் சாதாரண மனிதன். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அவனுக்கு நாள்தோறும் ஊட்டுவதை நம்பத் தொடங்கி, ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு வந்து நிற்கிறான். நான்காம் பருவத்தின் தொடக்கத்தில், அவன் யாரைக் கொண்டாடினானோ அவர்களுடைய சூழ்ச்சிக்கே பலியாகிறான். அவனுடைய சாவையும் எதிரணியின்மேல் பழியாகப் போட்டுவிடுகிறார்கள். டாட் போன்ற ஒருவரை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நாம் அனைவரும் அறிவோம். அந்த ஒரு துணைப் பாத்திரத்துக்காகவே இந்தத் தொடரை மதிக்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய இராணுவப் பணியில், இருக்கும் என் தங்கை மகன்தான் இந்தத் தொடரை என்னோடு உட்கார்ந்து விவாதிப்பவன். "பெரியம்மா, இது அமெரிக்காக்காரங்க பிரச்சினை. நம்ம நாட்டுல அரசியல்வாதி கோயில் மேடையில ஏறி ஓட்டு கேட்க முடியுமா? போதகர்தான் பிரசங்கத்துல கட்சி பேச முடியுமா?" என்று அவன் ஒரு நாள் கேட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தில் வெடித்த கலவரத்தை மறக்காத நாடு இது; அந்த நாளைத்தான் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கிறோம். 1990-இல் நிறைவேறி 1992-இல் நடப்புக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சமயத்தைப் பயன்படுத்திப் பிற சமயத்தார்மீது பகைமையைத் தூண்டுபவரையும், சமயப் பணியின் பெயரில் அரசியல் செய்பவரையும் அமைச்சர் ஓர் ஆணையின் மூலம் தடுக்கலாம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அந்த ஆணை உடனடியாகவே நடப்புக்கு வரும். வெளிநாடுகளிலிருந்து வரும் நன்கொடைகளையும் செல்வாக்கையும் கண்காணிக்கும் விதிகளும் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியது, வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளர்களை ஆதரிக்கக் கூடாது என்ற 1954-ஆம் ஆண்டு வரிச்சட்ட விதி ஒன்றுதான். ஹோம்லேண்டர் இங்கே 'பிலீவ் எக்ஸ்போ' நடத்தியிருக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், மேடையை மூடினால் போதுமா என்பதற்குத் தொடரின் இரண்டாம் பருவத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் எழுவர் குழுவில் சேரும் ஸ்டார்ம்ஃபிரண்ட், நகைச்சுவையும் துணிச்சலும் கலந்து பேசும் நவீனப் பெண்ணாக அறிமுகமாகிறாள். பிறகு, மூப்படையாமல் வாழும் நாஜி என்று தெரியவருகிறது. ஹோம்லேண்டரிடம், உனக்கு இரசிகர்கள் இருக்கிறார்கள், எனக்குப் படைவீரர்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில் அவள் சொல்கிறாள். நாடு முழுவதும் தன்னை விரும்ப வேண்டும் என்று தவிக்கும் அவனுக்கு, கோபம் கொண்ட ஐம்பது இலட்சம் பேர் போதும் என்பதைக் கற்றுத்தருபவள் அவள்தான். ஏழாம் அத்தியாயம் ஓர் இளைஞனைக் காட்டித் தொடங்குகிறது. அவன் நாள்தோறும் செல்லும் சிறு கடை. அங்கே கல்லாவில் நிற்கும் அதே மனிதர். இடையிடையே ஸ்டார்ம்ஃபிரண்டின் பேச்சுகள், இணையப் படங்கள், எல்லை தாண்டி வரும் அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கைகள். நாட்கள் நகர நகர, அந்தக் கடைக்காரரை அவன் பார்க்கும் பார்வை மாறுகிறது. கடைசியில் அவரைச் சுட்டுக் கொல்கிறான். வசனமே மிகக் குறைந்த, சில நிமிடங்களே நீளும் அந்தப் பகுதியைப் போல வெறுப்பு வளரும் விதத்தைத் தெளிவாகக் காட்டிய வேறெதையும் நான் திரையில் பார்த்ததில்லை.

அந்த அத்தியாயம் 2020-இன் பிற்பகுதியில் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில் 16 வயது மாணவர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். 2021 ஜனவரியில் அந்தச் செய்தி வெளியானது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 முஸ்லிம்களைக் கொன்றவனின் காணொளியாலும் எழுத்துகளாலும் ஈர்க்கப்பட்டு, அந்தத் தாக்குதலின் ஆண்டு நிறைவு நாளில் இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களில் பாராங்கத்தியால் தாக்குதல் நடத்த அவர் திட்டமிட்டிருந்தார். தீவிர வலதுசாரிச் சித்தாந்தத்தால் தூண்டப்பட்டு இங்கே தடுத்துவைக்கப்பட்ட முதல் நபர் அவர். இந்திய இனத்தவர், புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். வெள்ளை இனத்தின் மேன்மையைப் பேசிய ஒருவனின் எழுத்து, நம் நிறத்தில் நம் சமயத்தில் வளர்ந்த ஒரு பையனை எப்படிப் பிடித்தது என்று எங்கள் சபையில் பலர் அந்த வாரம் கேட்டுக்கொண்டார்கள். எந்தப் போதகரும் அவரிடம் அதைப் பிரசங்கிக்கவில்லை. அவருக்கு எந்த மேடையும் தேவைப்படவில்லை. அறையும் திரையும் போதுமானவையாக இருந்தன. இதைத்தான் என் தங்கை மகனிடம் சொன்னேன். நம் சட்டம் மேடைகளைக் காக்கிறது. அதற்காக நான் நன்றியுள்ளவள். ஆனால் ஸ்டார்ம்ஃபிரண்டுக்கு மேடை ஏற வேண்டிய அவசியமில்லை. அவன் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, தன் முகாமில் உடன் தங்கியிருப்பவர்கள் பகிரும் மீம்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

டீப் என்ற பாத்திரத்தைத் தன் வலையில் வளைத்துப்போடும் 'சர்ச் ஆஃப் த கலெக்டிவ்' என்ற புதுச் சமய அமைப்பைப் பற்றி இங்கே நீட்டி எழுத ஒன்றுமில்லை. புகழிழந்த நட்சத்திரங்களைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய திருமணத்தைக்கூட ஏற்பாடு செய்யும் அந்த அமைப்பு சிரிக்கவைக்கிறது. ஆனி நின்ற இடத்தில் இருந்த வலி அதில் இல்லை.

நான்காம் பருவத்தின் சிக்கல் ஒரு பகுதி தொடரின் கையில் இல்லாதது. நாட்டில் நடப்பது கற்பனையைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜூன் 1 அன்று, வெள்ளை மாளிகைக்கு அருகில் ஆர்ப்பாட்டக்காரர்கள் வலுக்கட்டாயமாகக் கலைக்கப்பட்ட பிறகு, டிரம்ப் ஒரு தேவாலயத்தின் முன் வேதாகமத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். 2024 மார்ச்சில், அரசமைப்புச் சட்டமும் சேர்த்து அச்சிடப்பட்ட 59.99 டாலர் விலையுள்ள வேதாகமத்தை வாங்கும்படி ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டார். வாட் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு இதைவிடப் பொருத்தமான எதை எழுதியிருக்கும்? 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் சிலர் சிலுவையும் ஜெபமுமாக நின்றதை உலகமே பார்த்தது; தொடரும் தன் நான்காம் பருவத்தின் உச்சத்தை அதே ஜனவரி 6-ஆம் தேதியில் அமைத்து, இராணுவச் சட்டத்தில் கொண்டுபோய் முடித்தது. அந்தக் கடைசி அத்தியாயம் 2024 ஜூலை 18 அன்று வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன் டிரம்ப்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. படுகொலை என்ற சொல்லைக் கொண்டிருந்த அந்த அத்தியாயத்தின் தலைப்பை மாற்றிவிட்டு எச்சரிக்கைக் குறிப்போடு வெளியிட்டார்கள்.

மறைத்துச் சொல்ல எதுவும் மிச்சமில்லாத நேரத்தில் எழுத்தாளர்கள் உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பது புரிகிறது. ஆயினும், அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. நான்காம் பருவத்தில் வரும் விசுவாசிகளில் ஏறத்தாழ எல்லாரும் ஏமாற்றுபவர்களாகவோ ஏமாறுபவர்களாகவோ இருக்கிறார்கள். ஞாயிறன்று சபைக்குப் போய்விட்டு, திங்களன்று பசித்தவர்களுக்கு உணவு சமைத்துப் போடும் அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவரையாவது காட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஹோம்லேண்டரைப் போன்றவர்களை எதிர்த்து முதலில் குரல்கொடுத்த கறுப்பினத் திருச்சபைகளின் நீண்ட மரபு அந்த நாட்டில் இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர். அந்த மரபிலிருந்து ஒரு பாத்திரம்கூட கதையின் நடுவுக்கு வரவில்லை. இந்த எல்லா நிறுவன எதிர்ப்பையும் உலகின் மிகப்பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்றான அமேசான்தான் விற்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால், அதைவிட அந்த இல்லாமைதான் என்னை வருத்துகிறது.

ஆனிக்கு நேர்ந்ததும் அதுதான். முதல் பருவத்தில் தன் நம்பிக்கை நொறுங்கியபோது கடவுளிடம் கேள்வி கேட்ட பெண், பின்னால் எதிர்ப்பியக்கத்தின் முகமாகிறாள், தன் அடையாளத்தைத் தேடுகிறாள், காதலிக்கிறாள், சண்டையிடுகிறாள். அந்தக் கேள்விகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்குத் தொடர் நேரம் ஒதுக்கவே இல்லை. அதற்கான வாய்ப்பு கதைக்குள்ளேயே வந்தது. ஃபயர்கிராக்கர் என்ற புதிய சூப்பர் ஹீரோ, இயேசுவையும் கொடியையும் சதிக்கதைகளையும் ஒரே மூச்சில் விற்பவள், ஆனிமீது தீராத பகையோடு வருகிறாள். இருவரும் சிறுவயதில் ஒரே அழகுப்போட்டி மேடைகளில் நின்றவர்கள். ஆனி அன்று அவளைப் பற்றிக் கேவலமான வதந்தி ஒன்றைப் பரப்பியிருக்கிறாள். அந்தக் காயம் உண்மையானது. அதற்குப் பழிவாங்க, ஆனியின் கருக்கலைப்பை ஃபயர்கிராக்கர் எல்லார் முன்னிலையிலும் அம்பலமாக்குகிறாள். கருக்கலைப்பு உரிமையை 1973 முதல் காத்துவந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் இரத்துசெய்த பிறகு வெளிவந்த பருவம் இது. எனவே அந்தக் காட்சியின் கனம் எவருக்கும் புரியும். பாவம், மன்னிப்பு, அவமானம் ஆகிய சொற்களைச் சிறுவயதிலேயே கற்ற இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இருவருக்கும் ஒருவர்மீது ஒருவர் சொல்ல நியாயமான குற்றச்சாட்டும், கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கின்றன. எழுத்தாளர்கள் அங்கே ஆனியை ஃபயர்கிராக்கரின் முகம் சிதையும்வரை குத்தவிட்டு, காட்சியை வெட்டிவிட்டார்கள்.